ஐந்து எண்ணும் வரை



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் இன்னும் என் மேசையை விட்டு இறங்கவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியது. கரிசல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். பேரனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளை வளர்வது பாட்டியின் கையில்.

‘நல்லாச் சாப்பிடுதான். ஓடுதான். சேட்டைக்கும் குறைச்சல் இல்ல. வாய்தான் தெறக்க மாட்டேங்கான். ஆத்தா, தா, ரெண்டே சொல்லுதான். காக்காவப் பாத்தா கைய மட்டும் நீட்டுவான், பேரு சொல்ல மாட்டான். பக்கத்து வீட்டுல வசம்பு சுட்டு நாக்குல தடவச் சொல்லுதாக. அவன் தாத்தாவும் நாலு வயசுலதான் பேசுனாராம். திருச்செந்தூருக்கு நேந்திருக்கேன். குமரகுருபரருக்கே அஞ்சு வயசுலதான முருகன் வாயத் தெறந்தான்? பொறுத்துப் பாப்போம்னு இருக்கேன்.’

இவ்வளவும் எழுதிய பிறகு, தாளின் ஓரத்தில், இடமில்லாமல் செங்குத்தாக ஒரு வரி: ‘நான் பேச்சுக் குடுக்கது பத்தலையோ தாயி?’

அம்மா, இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்குத்தான். மற்ற வாசகர்கள் கூட உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். உங்களைப் போலப் பேரப்பிள்ளையை வளர்க்கிறவர்கள், அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்கிறவர்கள், வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் பிள்ளையின் முகம் பார்க்கிறவர்கள் என்று நம் வாசகர்களில் இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஓரத்து வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களால் வந்தது இல்லை. பேச்சு பிந்துவதற்குக் காது காரணமாக இருக்கலாம், மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் விதம் காரணமாக இருக்கலாம், குடும்ப வழியாக வந்திருக்கலாம், ஆட்டிசத்தின் பகுதியாக இருக்கலாம், குறிப்பிட்ட காரணமே தெரியாமலும் போகலாம். ஒரு பாட்டி குறைவாகப் பேசியதால் ஒரு பிள்ளை ஊமையாகிவிடுவதில்லை. (அந்தச் சொல்லை இங்கே ஒரே ஒருமுறை எழுதுகிறேன். ஊரில் யாராவது பிள்ளையின் காதுபட அதைச் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.) காரணம் நீங்கள் இல்லை. ஆனால் அவனுக்குப் பேச்சு வர உதவக்கூடியவர்களில் முதல் ஆள் நீங்கள்தான்.

குமரகுருபரர் கதைக்கு வருகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அந்தப் பிள்ளை ஐந்து வயதுவரை பேசவில்லை, பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது தென்பாண்டிச் சீமையில் பாட்டிமார் எல்லாரும் சொல்லி வளர்த்த கதை. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் பெற்றோர். தங்கள் காலத்தில் தங்களுக்குத் தெரிந்த உதவி எங்கே இருந்ததோ அங்கே அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் காலத்தில் அந்த உதவி இன்னும் சில இடங்களிலும் இருக்கிறது. நேர்ந்துகொண்டதை நிறைவேற்றுங்கள் அம்மா. போகிற வழியில் தூத்துக்குடி இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவில் பிள்ளையின் காதைப் பரிசோதித்துவிட்டு அப்புறம் சந்நிதிக்குப் போங்கள். ஐந்து வயதுவரை மட்டும் பொறுக்க வேண்டாம்.

அதே குமரகுருபரர் பின்னாளில் மதுரை மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். பேச்சு பிந்திய பிள்ளை என்று கதையில் சொல்லப்படும் ஒருவர், பிள்ளை வளர்ச்சியையே பருவம் பருவமாகப் பாடும் நூலை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் இப்போது ஒரு தாயின் கண்ணோடு அவற்றைத் திரும்பப் பாருங்கள். செங்கீரையில் பிள்ளை கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. தால் என்றால் நாக்கு. தாலாட்டுக்கு நாவசையும் காலம். சப்பாணியில் கை தட்டுகிறது, அதாவது எதிரே இருப்பவர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறது. வருகையில் நடந்து வருகிறது. அதற்குப் பிறகு அம்புலி. நிலாவைக் காட்டி, பிள்ளையோடு விளையாட வரச் சொல்லிக் கூப்பிடுவது. மாதக் கணக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ஏறத்தாழ ஒன்றேகால் வயதிலிருந்து ஒன்றரை வயது.

இன்றைய குழந்தை மருத்துவத்தில் மிகவும் கவனித்துப் பார்க்கிற அறிகுறிகளில் இந்த அம்புலிப் பருவமும் ஒன்று. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியலில், 15 மாதத்தில் பிள்ளை ஒன்றைக் கேட்பதற்காக விரல் நீட்ட வேண்டும், 18 மாதத்தில் ஒன்றை நமக்குக் காட்டுவதற்காக விரல் நீட்ட வேண்டும் என்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. பிஸ்கட் டப்பாவை நோக்கிக் கை நீட்டுவது கேட்பது. நிலாவை நோக்கி நீட்டுவதில் பிள்ளைக்குக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. நிலா கைக்கு வராது. ‘நான் பார்ப்பதை நீயும் பார்’ என்பதற்காக மட்டுமே அந்த விரல் நீள்கிறது. விரலை நீட்டிவிட்டு, நாம் பார்க்கிறோமா என்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். பேச்சு முளைப்பதே இந்த இடத்தில்தான். ஒரு பொருள், அதைப் பார்க்கும் இரண்டு பேர். சொல் பிறகு வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

பேச்சு பிந்தும் கவலையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் இளைய மகளுக்கு இரண்டு வயதானபோது அவளிடம் இருந்தவை நான்கு சொற்கள்: அம்மா, தா, இல்ல, பூ. நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மாமியார்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் காட்டிய மருத்துவமனையில், ‘பார்க்க நல்லாத்தானே இருக்கா, இன்னும் ஆறு மாசம் போகட்டும்’ என்றார்கள். ஆறு மாதம் போனது. மறுபடியும் ஆறு மாதம் என்றார்கள். காது கேட்கிறதா என்ற சந்தேகமே எங்களுக்கு வரவில்லை. அடுக்களையில் தட்டு விழுந்தால் திரும்பிப் பார்ப்பாள், மிக்ஸி போட்டால் அழுவாள். பிறகென்ன?

ஒரு சளிக் காய்ச்சலின்போது வேறொரு மருத்துவர் அவள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது என்றார். குளத்தில் முங்கிக்கொண்டு, கரையில் நிற்பவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள், இவளுக்கு நாம் பேசுவது அப்படித்தான் கேட்கும் என்றார். தட்டு விழும் சத்தம் தண்ணீருக்குள்ளும் கேட்கும். ‘பூ’வுக்கும் ‘சூ’வுக்கும் உள்ள வித்தியாசம் கேட்காது. எத்தனை மாதம் அந்தக் குளத்துக்குள் இருந்தாள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆகவே அம்மா, தட்டைத் தட்டிப் பார்த்து, கை தட்டிப் பார்த்து, காது கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். முறையான பரிசோதனை வேண்டும். கைக்குழந்தைக்குக்கூடச் செய்யலாம். தூங்கும் பிள்ளையின் காதில் சின்ன மொட்டு ஒன்றை வைத்துப் பார்ப்பது ஓஏஈ. தலையில் வயர் ஒட்டிப் பார்ப்பது பேரா. இரண்டும் வலிக்காது. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது என்பதுதான் உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. செவித்திறன் மிகவும் குறைந்த பிள்ளைகளுக்கான காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. வயது ஏற ஏற அதன் பலன் குறையும். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

என் மகளின் காது சரியான பிறகு ஸ்பீச் தெரபிக்குப் போனோம். பயிற்சி தந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. எங்களைப் பார்த்ததும் மகளை அழைத்து உட்காரவைத்துப் படம் காட்டிப் பேசவைப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் பாய் விரித்து, ஒரு கூடை சாமானைக் கொட்டி, என் மாமியாரைப் பார்த்து, ‘பாட்டி, நீங்க வீட்ல எப்பவும் வெளையாடற மாதிரி வெளையாடுங்க, நான் சும்மா பாக்கறேன்’ என்றார்.

அத்தை விளையாடினார். ‘இது என்னம்மா? சொல்லு. பந்து. பந்து சொல்லு. இது என்ன கலரு? சிவப்புதானே? சொல்லு செல்லம். நாய் எப்படிக் கத்தும்? சொல்லேன்...’ ஐந்து நிமிடம் ஆனபின் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். அத்தை கேட்ட கேள்விகள் இருபதுக்கு மேல். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. ‘பாட்டி, பாப்பா பேசாததால நீங்களே ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசறீங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. இனிமே ஒண்ணு சொன்னதும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. எண்ணி முடிக்கற வரைக்கும் அவ மொகத்தையே பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.’

‘பேச்சுக் கொடுப்பது’ என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறோம் தமிழில். கொடுக்கிறோம், கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். பிள்ளை திருப்பிக் கொடுப்பதை வாங்க ஒருகணம் கையேந்தி நிற்பதில்லை. பேச்சு பிந்திய பிள்ளைக்கு ஒரு சொல்லைக் கேட்டு, புரிந்துகொண்டு, தன் சொல்லைத் தேடி, அதை வாய்க்குக் கொண்டுவர நம்மைவிட நேரம் அதிகம் ஆகும். அது வாசல்வரை வந்து சேர்வதற்குள் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுக் கதவை அடைத்துவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. மருத்துவரிடம் போகாமல் வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். காத்திருக்க வேண்டிய அந்த ஐந்து எண்ணிக்கை நேரம் நமக்குப் பொறுக்கவில்லை.

அத்தைக்கு அது எளிதாக இல்லை. பேசாமல் இருப்பது பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதுபோல அவருக்குத் தோன்றியது. தோசை ஊற்றும்போதுகூட உதடு அசைய எண்ணிப் பழகினார். மூன்றாவது வாரம். சோப்புத் தண்ணீரில் குழாய் முக்கி முட்டை ஊதும் விளையாட்டு. இரண்டு முறை ஊதினார், மூன்றாம் முறை குழாயை வாயருகே வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மகள் குழாயைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். ‘ஊ’ என்றாள்.

அத்தை ஊதினார். அன்று சாயங்காலம் சோப்புத் தண்ணீர் தீரும்வரை ஊதினார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, தமிழ் பேசும் வீடுகளுக்கென்றே அமைந்த நுட்பம். நம் மொழியில் வினைச்சொல்லின் மிகச் சிறிய வடிவம் ஏவல்தான். வா, போ, தா, ஊது, பிடி, வை, எடு. பிள்ளையிடம் நாம் அதிகம் சொல்வதும் இவற்றைத்தான். ஓரெழுத்தும் ஈரெழுத்துமாக, பிள்ளை வாய்க்குச் சுலபமாக அகப்படும் சொற்கள். ஆனால் நாம் ஏவிக்கொண்டே இருந்தால் பிள்ளை செய்துவிட்டுப் போய்விடுமே தவிரப் பேசாது. ஏவும் உரிமையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு நாலடி நடந்து நில்லுங்கள்; ‘போ’ என்று அவன் சொல்லட்டும். ‘ப்’ என்றாலும் போதும், முதுகில் ஒரு தட்டு தட்டினாலும் போதும், நடங்கள். கதவைப் பாதி திறந்து நிறுத்துங்கள். முறுக்கு டப்பாவை அவன் கண்ணுக்குத் தெரியும்படி, மூடியை இறுக்கி மூடி, கையில் கொடுங்கள். தன் சொல்லுக்கு உலகம் அசைகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த சொல்லைத் தேடிப் போகும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சொன்னால்தான் தருவேன் என்று பசிக்கிற பிள்ளையிடம் சோற்றைப் பிடித்து வைக்காதீர்கள். ஐந்து எண்ணியும் சொல் வரவில்லையா, நீங்களே ‘தா’ என்று அவனுக்காகச் சொல்லி, கொடுத்துவிடுங்கள்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, சோறு பிசைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய் ஊட்டி, கடைசியில் நண்டும் நரியும் கை வழியே ஊர்ந்து அக்குளுக்குப் போகும் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். எத்தனை பேரப்பிள்ளைகளுக்கு விளையாடியிருப்பீர்கள்! பேச்சுப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை, ஒரே சொற்கள், முகம் பார்த்து முகம், முடிவில் சிரிப்பு. பத்து நாள் இதையே விளையாடுங்கள். பதினோராம் நாள் முழங்கையில் நண்டை நிறுத்துங்கள். எண்ணுங்கள். உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அவன் உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வையே ஒரு பேச்சு. கொஞ்ச நாளில் அதோடு ஒரு ஒலியும் வரும்.

அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ‘பாலு’ என்றால், ‘சூடா பாலு’ அல்லது ‘பாலு வேணும்’. ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொன்னால் திருத்த வேண்டாம். ‘ஆமா, காக்கா பறக்குது’ என்று சரியான சொல்லைக் காதில் போட்டுவிடுங்கள், போதும். ‘க’ வரவேண்டிய இடத்தில் ‘த’ வருவது இந்த வயதில் எங்கும் நடப்பது. ழகரமும் றகரமும் இன்னும் வெகுநாள் கழித்து வரும். அதற்குக் கவலைப்படவே வேண்டாம். ‘என்ன வேணும்?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, இரண்டு கையிலும் காட்டி ‘இட்லியா, தோசையா?’ என்று கேட்டால் பதில் சொல் கேள்வியிலேயே இருக்கிறது. அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தைக் காட்டிப் பாடம் நடத்தாமல், நீங்களும் குத்துக்காலிட்டு எறும்பைப் பாருங்கள். எறும்பைப் பற்றியே இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் தெரபிஸ்ட் செய்ய வேண்டாமா, பாட்டி செய்தால் ஆகுமா என்று மகள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தெரபிஸ்ட்டிடம் வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம். பிள்ளை விழித்திருப்பது நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 84 மணி. கனடாவில் அயாலா மனோல்சன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் 1975இல், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். இன்று ஹானன் மையம் என்று அறியப்படும் அந்த அமைப்பில் பெற்றோருக்குச் சொல்லும் அடிப்படைப் பாடம்: கவனி, காத்திரு, கேள். 2011இல் மேகன் ராபர்ட்ஸ், ஆன் கைசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப் பெற்றோர் வழியாகக் கொடுத்த பயிற்சிகள் பற்றிய 18 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் மொழி உண்மையாகவே வளர்ந்திருந்தது.

வெளிநாடுவரை போக வேண்டாம். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில், காது கேளாத சின்னஞ்சிறு பிள்ளைகளோடு வீட்டில் வளர்ப்பவர்களும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீட்டு வாசலுக்கே போய், அங்கே இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது உங்கள் ஊருக்கு ரொம்பத் தூரமில்லை.

அரசாங்க வழியும் இருக்கிறது. பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தின் கீழ் ஒரு மருத்துவக் குழு வேனில் அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரவேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் வளர்ச்சிப் பிந்தலும் பேச்சும் காதும் உண்டு. அங்கன்வாடி டீச்சரிடம் அடுத்த முறை எப்போது வருகிறார்கள் என்று கேளுங்கள். அதுவரை பொறுக்காமல், மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு நேராகவும் போகலாம். குழந்தை மருத்துவர், காது பார்ப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் என்று பலரையும் ஓரிடத்தில் பார்க்கவே அந்த மையங்கள் வந்தன. சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனம் இருக்கிறது. ‘சின்னப் பிள்ளைதானே’ என்று எங்காவது திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாமல் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ‘காதுச் சோதனைக்கு மட்டும் எழுதிக் குடுங்கய்யா.’

எப்போது போக வேண்டும் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு: ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் ஐம்பது சொல் இல்லை அல்லது ‘அம்மா வா’ போல இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் போங்கள். இந்த ஐம்பதுக் கணக்கு 1989இல் லெஸ்லி ரெஸ்கோர்லா என்ற உளவியலாளர் தாய்மார்களிடம் பட்டியல் கொடுத்து எண்ணச்சொன்ன முறையிலிருந்து வந்தது. எண்ணும்போது தாராளமாக எண்ணுங்கள். மம்மு, டாட்டா, பசுவுக்கு ‘ம்பே’ எல்லாமே சொற்கள்தான், ஒரே பொருளுக்கு எப்போதும் அதையே சொன்னால். இருந்த சொற்கள் மறைந்துபோனால் மட்டும், எந்த வயதானாலும், ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

பிந்திப் பேசும் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா நாலு வயதில் பேசியதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எந்தப் பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு, வேறு காரணம் ஏதும் தெரியாமலே, மொழி வளர்ச்சிக் கோளாறு இருந்தது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். என் மகளும் அப்படி ஒருத்திதான். பேச்சு வந்தது, ஆனால் எட்டாம் வகுப்புவரை நீளமான கணக்குக் கேள்வியின் வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளப் போராடினாள். நான் அதை மறைக்க விரும்பவில்லை. இன்னும் ஒரு வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போகவே இல்லை.

வசம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வைத்துக் கொண்டாடிய மருந்துதான். ஆனாலும் பேச்சு வருவது நாக்குத் தோலில் இல்லை, தடவ வேண்டாம். தேனும் அப்படியே, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் ஆபத்து. நாக்குக்குக் கீழே சதை ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடும் என்று யாராவது சொன்னால், காதையும் மொழி வளர்ச்சியையும் பார்த்தபிறகே அந்தப் பேச்சை எடுங்கள். வெறும் ஒட்டு நாக்கால் ஒரு பிள்ளைக்குச் சொற்களே இல்லாமல் போகாது.

செல்போன். சோறு ஊட்டும்போது பாட்டுப் போட்டுக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தனியாக ஒரு சேட்டைப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆட்டையும் பார்த்து அடுப்பையும் பார்க்கிறவரிடம் நான் என்ன குறை சொல்ல? இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் சொன்னது. போனுக்குள் இருப்பவர் ஐந்து எண்ணுவதில்லை. உங்கள் பேரன் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. ஆங்கில எழுத்தும் நிறமும் ஒப்பிக்கிற பிள்ளை தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுவதை அங்கன்வாடிகளில் பார்க்கிறோம். ஒரு வேளைச் சோறாவது, அந்த இரவுச் சோறு மட்டுமாவது, போன் இல்லாமல் ஊட்டிப் பாருங்கள். மகள் திருப்பூரிலிருந்து வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் வராது. அது தாராளமாக நடக்கட்டும். அவளிடமும் எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நகரத்திலும் வெளிநாட்டிலும் இருக்கும் வாசகர்களுக்கு. பிள்ளை பேசவில்லை, ஆகவே வீட்டில் ஒரே மொழி, அதுவும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வருவதில்லை. மதுரையில் சௌராஷ்டிர வீடுகளிலும் ஆம்பூரில் உருது வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இரண்டு மொழியில்தான் வளர்கிறார்கள். வீட்டு மொழியை நிறுத்தினால் முதலில் ஊமையாக்கப்படுவது அந்த வீட்டுப் பாட்டிதான். மேலே ஒருமுறைதான் எழுதுவேன் என்றேன். இந்த இடத்தில் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா, உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கக் காரணம் ஒரு வரி. ‘காக்காவப் பாத்தா கைய மட்டும் நீட்டுவான், பேரு சொல்ல மாட்டான்.’ குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது அம்புலியாகத் தெரிகிறது. காக்கா அவன் கைக்கு வரப்போவதில்லை. உங்களுக்குக் காட்டுகிறான் என்று நினைக்கிறேன். காதுச் சோதனைக்குப் போவதை இதற்காகத் தள்ள வேண்டாம், அது இந்த வாரமே நடக்கட்டும். ஆனால் நாளைக் காலையில் ஓட்டின் மேல் காக்கா வந்து உட்காரும்போது நீங்கள் காக்காவைப் பார்க்காமல் அவனைப் பாருங்கள். கை நீட்டியபின், நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பார்த்தால் ‘காக்கா’ என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு எண்ணுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்